பொட்டு வைத்த ஃப்ரீசர்

காலை ஒன்பது மணி பத்து நிமிடம். விலங்கியல் ஆய்வகத்துக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஃப்ரீசர். கதவில் மூன்று கோடு சந்தனம், நடுவே ரூபாய் அகலத்துக்குக் குங்குமம். சுவரிலிருந்து பிடுங்கிய ஒயரை வட்டமாகச் சுருட்டி மேலே வைத்து, அதற்கும் ஒரு முழம் செவ்வந்தி சுற்றியிருந்தார்கள். கதவுக்குக் கீழே தண்ணீர் தேங்கி நின்றது.

நான் அப்போது திண்டுக்கல்லில் ஒரு நாளிதழின் நிருபர். கல்லூரிச் செய்திகள் என் பொறுப்பு. ஆயுத பூஜை விடுமுறைக்கு முந்தைய வேலைநாளில் ஆய்வகத்தில் பூஜை போடுவதும், படம் எடுக்க என்னை அழைப்பதும் விலங்கியல் துறைத்தலைவரின் வழக்கம். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் வெட்டி லேமினேட் செய்துவிடுவார்.

அவருடைய தோள்பையில் எப்போதும் ஒரு கத்தரிக்கோல் இருக்கும். பச்சைக் கைக்குட்டையில் சுற்றி வைத்திருப்பார். வெட்டி ஆய்வு செய்வதற்கான கத்தரிக்கோல் அல்ல, ரிப்பன் வெட்டுவதற்கானது. விழா நடத்துகிறவர்கள் கொண்டுவரும் கத்தரிக்கோல் பல சமயம் வெட்டாது, சிறப்பு விருந்தினர் ரிப்பனைக் கையில் பிடித்துக்கொண்டு அறுக்க வேண்டி வரும், அது துறைக்கு அவமானம் என்பது அவர் கருத்து. தன் முப்பது சொச்சம் ஆண்டுப் பணியில் அவர் மிகக் கவனமாகப் பராமரித்த கருவி அதுதான்.

மற்ற கருவிகளுக்கு அவர் மரியாதை மட்டும் செய்தார். புதிய நுண்ணோக்கி வந்தபோது அதற்கு வெல்வெட்டில் உறை தைத்துப் போட்டார். திறப்பு விழா அன்று கல்லூரி முதல்வர் குனிந்து பார்த்த வெங்காயத் தோலோடு அதன் வேலை முடிந்தது. மாணவர்கள் பழைய நுண்ணோக்கிகளில், திருகு வழுக்கும் வில்லைகளில், கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்கள். ஒருமுறை என் முன்னாலேயே ஒரு மாணவன் கேட்டான்.

"சார், புதுசுல ஒரு தடவ பாத்துக்கறேன் சார்."

"பாத்துப் பாத்துத்தாம்ப்பா பழசெல்லாம் பழசாச்சு" என்றார்.

அவருடைய காரிலும் அப்படித்தான். இருக்கைகளின் பிளாஸ்டிக் உறையை அவர் பிரிக்கவே இல்லை. சித்திரை வெயிலில் அவர் இறங்கும்போது சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்கும். இருக்கை புதிதாக இருக்கும்.

இப்படிப்பட்டவர் கையில்தான் சொமட்டோஸ்டாட்டின் வந்து சேர்ந்தது.

அது என்ன என்று சொல்லிவிடுகிறேன். பதினான்கு அமினோ அமிலங்கள் கோர்த்த ஒரு சிறு சங்கிலி. இந்த மாதிரிச் சங்கிலிகளைப் பெப்டைடு என்பார்கள். மூளையின் அடிப்பகுதியிலும் கணையத்திலும் வயிற்றிலும் உடம்பு அதைத் தானே செய்துகொள்கிறது. வேலை ஒன்றுதான்: நிறுத்துவது. வளர்ச்சி ஹார்மோன் சுரப்பதை நிறுத்தும், இன்சுலினை நிறுத்தும், இன்னும் சிலவற்றை நிறுத்தும். ரத்தத்தில் சில நிமிடங்கள்தான் தாங்கும். ஆய்வுக்கூடங்கள் அதை வெள்ளைப் பொடியாக, சிறு கண்ணாடிக் குப்பியில் வாங்குகின்றன. ஒரு ஹார்மோன் என்ன செய்கிறது என்று அறிய, அதை நிறுத்திப் பார்ப்பது ஒரு வழி. நிறுத்துவதற்கு இது. பொடியாக இருக்கும்வரை உறைகுளிரில் நெடுநாள் கிடக்கும். தண்ணீரில் கரைத்துவிட்டால், சிறு டியூப்களில் பிரித்து, உறையவைத்து, தேவைப்படும்போது ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். வெளியே கிடந்தால் கெட்டுவிடும். குப்பியின் சீட்டில் ஆய்வுக்கூடப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று போட்டிருக்கும்.

துறைத்தலைவருக்கு இதைப் பற்றித் தெரிந்தது ஒரு வாக்கியம். "திண்டுக்கல்லுக்குப் பூட்டு, ஹார்மோனுக்கு சொமட்டோஸ்டாட்டின்." சங்கக் கூட்டங்களில், பள்ளி ஆண்டு விழாக்களில், ஒரு காதணி விழாவில்கூட இதைச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். எல்லா இடத்திலும் கை தட்டினார்கள்.

அதை வாங்கச் சொன்னவள் ஜெசிந்தா. அவரிடம் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்த ஆய்வு மாணவி. எரியோடு பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். அப்பா வேடசந்தூர் நூற்பாலை ஒன்றின் பஸ் டிரைவர். அந்தப் பக்கத்துப் பண்ணைக்குட்டைகளில் ஜிலேபி மீன் வளர்க்கிறவர்கள் பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு போடுகிறார்கள். மீன் உள்ளங்கை அளவோடு நின்றுவிடுகிறது. ஏன் நிற்கிறது என்பது அவள் கேள்வி. மீனின் மூளைக்குக் கீழே கடுகு அளவில் பிட்யூட்டரி சுரப்பி இருக்கிறது. அதை எடுத்துக் கண்ணாடித் தட்டில் உயிரோடு வைத்து, வளர்ச்சி ஹார்மோன் எவ்வளவு கசிகிறது என்று அளப்பாள். சில தட்டுகளில் பெப்டைடைச் சேர்ப்பாள். அங்கே கசிவு நிற்க வேண்டும். நன்றாக வளர்ந்த மீனின் சுரப்பியைப் பெப்டைடு நிறுத்தும்போது தெரிகிற அதே அடையாளம் புண்ணாக்கு தின்ற மீனிலும் இருக்கிறதா என்று ஒப்பிட வேண்டும். நான்கு ஆண்டுகளில் மற்ற வேலைகளை முடித்துவிட்டாள். இந்தச் சோதனை மட்டும் பாக்கி. பல்கலைக்கழகம் கொடுத்த கடைசி நீட்டிப்பு அந்த டிசம்பரோடு முடிந்தது. அதற்குள் ஆய்வேட்டில் வழிகாட்டி கையெழுத்துப் போட்டாக வேண்டும். இல்லாவிட்டால் பதிவு ரத்து.

குப்பிகள் வந்ததற்கு ஒரு வரவேற்பு விழா நடந்தது. கூரியர் கொண்டுவந்த தெர்மகோல் பெட்டியை உடனே பிரிக்க அவர் விடவில்லை. அதற்கு ரோஜா நிற ரிப்பன் கட்டி, கருத்தரங்கக் கூடத்து மேசையில் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் வைத்தார். சிறப்பு விருந்தினர் ஒரு மில் முதலாளி, வர நேரமாயிற்று. ஜெசிந்தா எதிர்க் கடையிலிருந்து ஐஸ் வாங்கிவந்து பெட்டியைச் சுற்றி அடுக்கினாள். மேசை விரிப்பு நனைகிறது என்று அவர் அதை எடுக்கச் சொன்னார். மில் முதலாளி வந்தார், கைக்குட்டையிலிருந்து வெளிவந்த கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டார், பெட்டியைப் பார்த்தார்.

"உள்ள என்ன சார், கேக்கா?"

பூட்டு வாக்கியம் சொல்லப்பட்டது. கை தட்டினார்கள். உள்ளே இரண்டு குப்பிகள் இருந்தன. ஒன்றை வேலைக்கு என்று ஜெசிந்தாவிடம் கொடுத்தார். மற்றொன்றை, கல்லூரியைத் தரமதிப்பீடு செய்ய வரும் குழுவுக்குக் காட்ட வேண்டும் என்று, அதே ரிப்பனில் ஒரு துண்டைக் கழுத்தில் கட்டி, முதல்வர் அறைக் குளிர்பெட்டியின் ஐஸ் அறையில் வைத்துவிட்டார்.

இனி அந்தக் காலைக்கு வருகிறேன்.

பூஜைப் பலகையில் வெல்வெட் உறையோடு நுண்ணோக்கி, தராசு, கத்திகள். அவற்றுக்கு முன்னால் பொரி, கடலை, வாழைப்பழம். நடுநாயகமாக ஒரு டியூப் தாங்கி. அதில் வரிசையாக ஜெசிந்தாவின் டியூப்கள். முந்தைய வாரம்தான் பொடியைக் கரைத்துப் பிரித்து உறையவைத்திருந்தாள். ஒவ்வொரு மூடியிலும் அளவைப் பேனாவால் குறித்திருந்தாள். ஒவ்வொரு குறிப்பின் மேலும் இப்போது சந்தனப் பொட்டு இருந்தது.

எனக்குப் பின்னால் அவள் வந்தாள். தோளில் சாப்பாட்டுப் பை. ஆய்வக உதவியாளர் காசி தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஃப்ரீசர யாரு ஆஃப் பண்ணுனா?"

"நாந்தேன். சார் கழுவி விடச் சொன்னாரு. கரண்டோட கழுவுனா நான் போய்ச் சேந்துருவேன்ல."

"உள்ள இருந்தது?"

காசி ஈரத்துணியால் பலகையைக் காட்டினார்.

அவள் போய் ஒரு டியூப்பைத் தொட்டுப் பார்த்தாள். எடுக்கவில்லை. சூடத்தட்டோடு துறைத்தலைவர் வந்தார். பட்டு வேட்டி, கழுத்தில் ஒரு பொன்னாடை. யாரும் போர்த்தாத நாட்களில் அவரே போர்த்திக்கொள்வார்.

"சார், இது ஐஸ்லயே இருக்கணும் சார். கரைச்சது. வெளிய இருந்தா கெட்டுப் போயிரும்."

"அம்மா, வருசம் பூரா அது ஐஸ்லதான கெடக்கு? ஒரு நாளு வெளிய வந்து சாமியப் பாக்கட்டும்."

"படம் எடுத்ததும் உள்ள வெச்சிரட்டுமா சார்?"

"பூஜையில வெச்சத அன்னைக்கே எடுக்கக் கூடாதும்மா. இந்த முறையெல்லாம் ஒனக்குத் தெரியாது, தப்பில்ல." சிரித்துக்கொண்டே சொன்னார். தப்பில்ல என்பதை அவர் எப்போதும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

அவள் சாப்பாட்டுப் பையை இறக்கி வைத்தாள். பிறகு என்னிடம் சொன்னாள். "அதுக்கு மேல பேசுனா, வேதக்காரப் பொண்ணு பூஜையத் தடுத்துச்சுன்னு ஆயிரும் சார். பேச்சு எங்கியோ போயிரும். மருந்தப் பத்தி இருக்காது."

என் வீட்டிலும் ஆயுத பூஜை உண்டு. ஃப்ரிட்ஜுக்குப் பொட்டு வைப்போம். பாலை வெளியே எடுத்து வைப்பதில்லை.

மணி அடித்து, சூடம் காட்டி, படம் எடுத்து முடிந்ததும் அவரே கதவைப் பூட்டினார். பூஜைக்கு இரண்டு நாள் விடுமுறை, அதையொட்டி சனி, ஞாயிறு. கருவிகளுக்கும் ஓய்வு வேண்டும் என்றார். அந்த ஆய்வகத்துக் கருவிகளின் களைப்பு பற்றி நான் எதுவும் கேட்கவில்லை.

அன்று மாலை ஜெசிந்தா அப்பாவை அழைத்துக்கொண்டு துறைத்தலைவர் வீட்டுக்குப் போனாள். கேட்டுக்கு வெளியே நின்று சாவி கேட்டாள்.

"சாவியும் பூஜையில இருக்கேம்மா" என்றிருக்கிறார் அவர். "சாமி படத்துக்கிட்ட வெச்சாச்சு. இப்ப எப்படி எடுக்கறது?"

"சார், அஞ்சே நிமிசம். டியூப்ப உள்ள வெச்சு ஃப்ரீசரப் போட்டுட்டு வந்துர்றேன்."

"பொரி வாங்கிட்டுப் போம்மா" என்று உள்ளே போனவர், அப்பாவுக்கும் சேர்த்து இரண்டு பொட்டலம் கொண்டுவந்தார்.

அந்த நான்கு நாளும் மழை இல்லை. ஆய்வகத்துக்கு மேலே தகரக் கூரை. திங்கட்கிழமை கதவைத் திறந்தபோது வாழைப்பழங்கள் கறுத்து, டியூப் தாங்கியைச் சுற்றிச் சிற்றெறும்பு வரிசை போயிருந்தது என்று காசி சொன்னார். மருந்து செத்துவிட்டதா என்பதை மீன்தான் சொல்ல வேண்டும் என்று ஜெசிந்தா சோதனையைத் தொடங்கினாள். மீன்கள் சொல்லிவிட்டன. பெப்டைடு விட்ட தட்டிலும் விடாத தட்டிலும் ஹார்மோன் ஒரே அளவில் கசிந்தது. நிறுத்த வேண்டியது எதையும் நிறுத்தவில்லை.

அவள் அவரிடம் போய் இரண்டாவது குப்பியைக் கேட்டாள். அது பொடியாகவே, குளிரிலேயே இருந்தது. இரண்டு வாரம் இருந்தால் போதும். சோதனையை முடித்து எழுதிவிடலாம். வெளிநாட்டிலிருந்து புதிதாக வரவழைக்கக் காலம் இல்லை.

"அது டீம் வர்றப்பக் காட்டணும்மா" என்றார்.

"காலிக் குப்பியக் காட்டலாமே சார். இத வெச்சு இம்புட்டு வேல நடந்துச்சுன்னு சொல்லலாம்."

"மூடியத் தொறந்துட்டா அது வெறும் பாட்டிலு. அதப் பாக்கவா அம்புட்டு தூரத்துல இருந்து வர்றாங்க?"

இவ்வளவோடு நின்றிருந்தால் அவர் வெறும் விழாப் பிரியர். இப்படிப்பட்டவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. நான் எழுதியிருக்க மாட்டேன். அடுத்த வாரம் தொலைபேசியில் என்னை அழைத்தார். குரலில் திறப்பு விழா இருந்தது.

"உடனே வாங்க சார். உலகச் செய்தி ஒண்ணு இருக்கு."

போனேன். அறையில் மூன்று பக்கமும் கேடயங்கள். மேசையில் எனக்காக முறுக்கும் காபியும்.

"இந்தப் பெப்டைடு ஹார்மோன நிறுத்தும்னுதான உலகம் பூராச் சொல்றாங்க? நம்ம மீன்ல நிறுத்தல. திண்டுக்கல் தண்ணி, திண்டுக்கல் மீனு. இது புதுக் கண்டுபிடிப்பு. எழுதிக்குங்க."

"நாலு நாளு வெளிய இருந்ததால கெட்டிருக்குமோ சார்?"

"கேளுங்க, தப்பில்ல" என்று சிரித்தார். "ஆனா நல்ல செய்திய நல்ல செய்தியாப் பாக்கணும்." பிறகு காசியை விட்டு ஜெசிந்தாவை வரச் சொன்னார். எனக்குப் படம் வேண்டுமாம். வழிகாட்டியும் மாணவியும் ஃப்ரீசருக்கு இரண்டு பக்கமும் நிற்கிற மாதிரி.

அவள் வந்து வாசலிலேயே நின்றாள்.

"சாருக்கு ரிசல்ட்டச் சொல்லும்மா."

"மருந்து கெட்டுப் போச்சு சார்" என்றாள் என்னைப் பார்த்து.

அவர் முறுக்கை உடைத்தார். "அப்படியெல்லாம் பேசக் கூடாது. நம்ம மீனு அதுக்குக் கட்டுப்படலைன்னு எழுது. இன்னைக்கே எழுதிக் குடு, இன்னைக்கே கையெழுத்துப் போடறேன். டிசம்பர் வரைக்கும்கூடப் போக வேண்டியதில்ல."

"பூஜையில நாலு நாளு வெளிய இருந்துச்சு, கெட்டுப் போச்சுன்னு எழுதித் தர்றேன் சார். அதுல போடுவீங்களா?"

"பூஜைய எதுக்கும்மா இதுல இழுக்கற?"

"அப்ப நான் எழுதல சார்."

படம் எடுக்கப்படவில்லை. காபி ஆடை கட்டிவிட்டது. நான் அந்தச் செய்தியை அனுப்பவில்லை. வேறொரு மாலைப் பத்திரிகையில், 'உலக விஞ்ஞானத்துக்குச் சவால் விடும் திண்டுக்கல் மீன்' என்ற தலைப்போடு வந்தது. அதில் மீனின் படம் இல்லை. பொன்னாடையோடு அவர் படம் இருந்தது. லேமினேட் செய்து ஃப்ரீசர் கதவில், குங்குமத்துக்குக் கீழே ஒட்டினார்.

நவம்பர் கடைசியில் பேருந்து நிலையத்துக்கு எதிர் டீக்கடையில் ஜெசிந்தாவின் அப்பா என்னைப் பிடித்துக்கொண்டார். காக்கிச் சட்டையில் பஞ்சுத்துகள்.

"சார், நீங்க சொன்னா கேப்பா. நாலு வருசமா விடியக்காலம் மில்லு பஸ்ஸுல ஏத்திக் கொண்டாந்து எறக்கி விட்டேன். ஒரு வரி எழுதுனா முடிஞ்சு போகும்ங்கறாரு அவரு. கால்ல விழுந்துகூடச் சொல்லிப் பாத்துட்டேன் சார், பெத்த புள்ள கால்ல. மாட்டேங்குறா."

அவருக்கு ஒரு டீ சொன்னேன். டீ வந்தது. அவர் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"நெசமாவே கெட்டுத்தான் போச்சா சார் அந்த மருந்து?"

"கெட்டுத்தான் போச்சு."

"அப்ப அவ எப்படி எழுதுவா?" என்றார். டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு பஸ்ஸை எடுக்கப் போனார்.

டிசம்பர் முடிந்தது. வழிகாட்டி கையெழுத்துப் போடவில்லை. ஜெசிந்தாவின் பதிவு ரத்தாயிற்று. தொட்டிகளில் மிஞ்சியிருந்த மீன்களை என்ன செய்வது என்ற கேள்விக்குத் துறைத்தலைவர் ஒரு விழாவால் விடை கண்டார். ஊருக்கு வெளியே ஒரு குளத்தங்கரையில் சாமியானா போட்டு, இயற்கையைக் காப்போம் என்று பேனர் கட்டி, வாளிகளுக்கு ரிப்பன் சுற்றி, வட்டார அலுவலர் ஒருவரை வைத்து மீன்களைத் தண்ணீரில் விட்டார்கள். கத்தரிக்கோல் வந்திருந்தது. அதற்கும் என்னை அழைத்திருந்தார். போனேன். நல்ல மீனும் புண்ணாக்கு தின்ற மீனும் ஒரே வாளியில் இருந்தன. நான்கு ஆண்டுகளாக அவற்றைப் பிரித்து வைத்து வளர்த்தவள் அங்கே இல்லை.

ஜனவரியில் தரமதிப்பீட்டுக் குழு வந்தது. மூன்று பேர். ஒரு வெள்ளித் தட்டில், ஐஸ் பரப்பி, ரிப்பன் கட்டிய குப்பியை அவரே ஏந்தி வந்தார். குழுவில் இருந்த ஒரு பெண்மணி குப்பியை எடுத்துச் சீட்டைப் படித்தார்.

"இதை வைத்து இங்கே என்ன செய்கிறீர்கள்?"

"திண்டுக்கல்லுக்குப் பூட்டு, மேடம்" என்று தொடங்கினார்.

மற்ற இருவரும் சிரித்தார்கள். அந்தப் பெண்மணி குப்பியைத் தட்டில் திரும்ப வைத்தார். அடுத்த அறையில் மாணவிகள் கும்மி அடிக்கக் காத்திருந்ததால் குழு நகர்ந்தது. அறிக்கையில் துறையின் ஆய்வு வசதிகள் பாராட்டப்பட்டன.

இரண்டு ஆண்டு கழித்து அவர் ஓய்வுபெற்றார். பணிநிறைவு விழாவில் அவருக்கு விழுந்த பொன்னாடைகளை ஒரு மேசையில் அடுக்க இடம் போதவில்லை. ஏற்புரையில், ஒரு பொருளைக்கூட வீணாக்காமல் துறையை ஒப்படைக்கிறேன் என்றார். உண்மைதான். விழா முடிந்து ஆய்வகத்துக்குப் போனேன். வெல்வெட் உறைக்குள் நுண்ணோக்கி புதிதாக இருந்தது. ஃப்ரீசரின் ஒயரை யாரும் அவிழ்க்கவில்லை. செவ்வந்தி நார் மட்டும் அதில் மிச்சமிருந்தது. கதவைத் திறந்தேன். உள்ளே ஒரு பொரி மூட்டையும் பிளாஸ்டிக் குத்துவிளக்குகளும் இருந்தன.

ஜெசிந்தா கொடைரோட்டில் ஒரு தனியார் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறாள். இரண்டாவது குப்பி முதல்வர் அறைக் குளிர்பெட்டியில் இருக்கிறது. அதன் மூடி இன்னும் திறக்கப்படவில்லை.